லுக்குட்டில் தட்டிய பழைய சிம்பல்

இன்று மலேசியாவின் லுக்குட்டில், நண்பர் குமாரின் பட்டறையில், புது சிம்பலையும் பழைய சிம்பலையும் தட்டி ஒப்பிட்டோம். பழையது அவருடைய அப்பா வளர்ந்த ரப்பர் தோட்டத்து கேட்டில் தொங்கியது.

புதியது பளீரென்று ஒலித்தது. ஞாபகம் மங்கிப்போன குமாரின் அப்பா, பால் சேர்க்காத தே ஓ குடித்துக்கொண்டே இருந்தார்.

பழையதைத் தட்டினேன்.

சட்டென்று எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினார். "அரிசி இல்லீங்க தொரை."

குமார் மெதுவாகச் சொன்னார்: "வெள்ளக்காரன் இங்க போட்ட எமர்ஜென்சி காலத்துல இதத் தட்டினா எல்லாரும் கையத் தூக்கி நிக்கணும் லா. காட்டுல இருந்த கம்யூனிஸ்டுங்களுக்கு அரிசி போகுதான்னு சிப்பாய்ங்க தடவிப் பாப்பாங்க."

ஓசை அடங்கிவிட்டது. அவர் கைகள் இறங்கவில்லை.

சிம்பலைத் தொட்டேன். இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. இறுக்கிப் பிடித்த பிறகுதான் கைகளைக் கீழே போட்டார்.

பழைய சிம்பலின் ஓசை சீக்கிரம் செத்துவிடும் என்று நேற்று இந்தக் குழுவில் வாதாடியவர்கள், ஒரு நடை வந்து கேளுங்கள்.