பெட்டியை விழுத்துகிறவள்

சுபோதினியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கேக் பெட்டியை அவள் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தாள். கேக் உள்ளேதான் இருந்தது. "பிள்ளைக்கு என்ன, சுகமில்லையோ?" என்று மாமியார் கேட்டாராம். வெள்ளவத்தையில் யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கணவன் பிரசாந் இன்றைக்கும் இந்தக் கதையை எடுத்துவிடுவான். அட்டையைக் கண்டால் விரலால் அமத்திப் பார்க்கிறவளுக்குக் கேக்காவது, மாப்பிள்ளையாவது!

பேலியகொடையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பனியொன்றில் பெட்டியை வரைவதும், வரைந்த பெட்டி தாங்குமா என்று சோதிப்பதும் அவளது வேலை. உள்ளே பொருளை அடுக்கி, இடுப்பளவு உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விழுத்துவாள். முதலில் மூலை, பிறகு விளிம்பு, கடைசியில் அடி. பீங்கான் கோப்பைகள் நொறுங்கினாலும் முகத்தில் ஒரு சலனம் இராது. கம்பனியில் அவளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கிராண்ட்பாஸ் பகுதியிலிருந்து நிம்றா அங்கே வந்தது நொந்துபோய். வீட்டில் ஊறுகாய் மாதிரி அச்சாறு போட்டுக் கண்ணாடிப் போத்தல்களில் கட்டாருக்கு அனுப்புகிறவள். போன தடவை பாதிப் போத்தல்கள் உடைந்துதான் போய்ச் சேர்ந்தன. இன்னொரு முறை இப்படி வந்தால் அனுப்பவே வேண்டாம் என்று அங்கத்தைய கடைக்காரர் சொல்லிவிட்டார். புருஷன் இல்லாத வீடு. இரண்டு மகள்மாரையும் படிக்கவைப்பது அந்த அச்சாறுதான்.

அவளுக்காகச் சுபோதினி வரைந்த புதுப்பெட்டியை முதன்முதலில் விழுத்தும்போது நிம்றா பக்கத்தில் நின்றாள். சுபோதினி கையை விட்டதும் பாய்ந்து பெட்டியைப் பிடித்துவிட்டாள்.

"நீங்கள் பிடிச்சால் அது சோதனை இல்லை, நிம்றா."

"மன்னிச்சிக்கோங்க மிஸ். கை தானாப் போவுது."

இரண்டாம் முறையும் பிடித்தாள்.

"கப்பலில ஆர் நிண்டு பிடிக்கப் போகினம்?" என்று சுபோதினி அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பெட்டியை விழுத்தினாள். உள்ளே கண்ணாடி நொறுங்கியது. பக்கத்து மீன் சந்தையின் வாடையையும் மீறி அச்சாற்றின் புளித்த வினாகிரி நெடி மூக்கில் ஏறியது. கதவுக்கு வெளியே நின்ற நிம்றாவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தலைச்சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், தப்பிய ஒரு போத்தலை எடுத்துச் சுபோதினியிடம் நீட்டினாள்.

"ஒடையாதத நீங்க ஊட்டுக்குக் கொண்டு போங்க மிஸ்."

பிழை சுபோதினியுடையது. அட்டையை மிச்சம் பிடிக்கலாமென்று, போத்தல்களுக்கிடையே வைக்கும் தடுப்பைப் போத்தலின் தோளோடு நிறுத்தியிருந்தாள். அதனால் மேலே கழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அன்றிரவு சோற்றோடு அச்சாற்றை ஒரு தரம் தொட்டுக்கொண்டவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "உறைப்போ?" என்றான் பிரசாந். "ஓம்," என்றாள். அது பொய்.

தடுப்பை மூடிவரை உயர்த்தினாள். அடியில் இன்னொரு தடித்த அட்டை சேர்த்தாள். அடுத்த கிழமை நிம்றா வந்தாள். இம்முறை வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளாகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள்.

சுபோதினி பெட்டியைத் தூக்கினாள். விட்டாள். விட்ட கை அதே வேகத்தில் கீழே போய்ப் பெட்டியை ஏந்திக்கொண்டது!

இத்தனை வருசத்தில் நடக்காத காரியம். அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"மிஸ், கப்பல்ல யாரு நிண்டு புடிக்கப் போற?" என்று நிம்றா சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள். "இங்க தாங்க. நானே போடுறேன்."

பிஸ்மி சொல்லிவிட்டு அவளே விழுத்தினாள். மூலையிலும், விளிம்பிலும், அடியிலும், சுபோதினி சொன்னபடியே. பெட்டியின் ஒரு மூலை மட்டும் நசுங்கியது. பெட்டியைத் திறக்க இருவருக்கும் தைரியம் வரவில்லை. நின்ற இடத்திலேயே மூக்கால் மூச்சை இழுத்தார்கள். நிம்றா இன்னொரு தரமும் இழுத்தாள்.

"மீன் நாத்தம் மட்டுந்தான் வருது மிஸ்," என்று சொல்லி அழுதாள்.