காவியைத் தாண்டிய சிவப்பு

முழங்காலுக்குப் பின்னால் எழுதியிருந்த காவிக்கு வெளியே சிவப்பு வந்திருந்தது. தலைச்சோலையில் எங்கள் வீட்டு வாசல் வெளிச்சத்தில் கைப்பேசியால் படம் பிடித்துப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் சுரீரென்று தைத்தது: இது அக்கி இல்லை. முந்தாநாள் தோல் சிவந்ததைக் கண்டதும் அக்கி என்று அம்மாவே முடிவு செய்து குயவரை அழைத்து வந்திருந்தாள். அவர் மந்திரம் முணுமுணுத்தபடி காவியைக் குழைத்து, சிவப்பின் விளிம்பு வரை ஒரு சிங்கத்தை எழுதிவிட்டுப் போனார். அக்கி என்றால் கொப்புளமும் எரிச்சலும் இருக்குமே? எனக்கு அரிப்புகூட இல்லை. லேசான காய்ச்சல், தலைவலி, பிடரியில் இறுக்கம், ஏற்காட்டு மலையையே நடந்து ஏறியதுபோல அசதி. சிங்கத்தின் வாலைத் தாண்டி ஒரு விரல் அகலம் சிவப்பு ஓடியிருந்தது.

நான் படிக்கும் ஜெர்மனியில் காட்டுக்குப் போய்வந்தால் உடம்பைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் குளிப்பார்கள். புல்லிலிருந்து தொற்றும் உண்ணியை ட்செக்கெ என்கிறார்கள். கசகசா அளவுதான் இருக்கும், கடிப்பது தெரியாது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் காட்டுக்குப் போய்வந்தபோது, கால்களைத் துழாவிப் பார்த்தாயா என்று அறைத்தோழி லேனா என்னிடம் கேட்டாள். அட்டைகளோடு காபித் தோட்டத்தில் வளர்ந்தவள் நான் என்று சிரித்தேன். நான் பார்த்துவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள்; நான் பார்க்கவே இல்லை. அட்டை கடித்தால் ரத்தம் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும், உண்ணி அப்படியில்லை. உண்ணி கடித்து வரும், தோலில் வட்டமாகச் சிவக்கும், கவனிக்காமல் விட்டால் மூட்டு, நரம்பு, இதயம் வரை போகும் என்று அவள் சொன்ன லைம் நோய் இப்போது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. நெஞ்சு படபடத்தது. அது பயமா, நோயா?

காவியைக் கழுவப் போனேன். அம்மா சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கழுவாத கண்ணு. எழுதுனது தானா உதிரோணும். அக்கி நொம்பப் பொல்லாதது."

"அக்கியா இருந்தா கோட்டுக்குள்ள நின்னிருக்குமேம்மா. நீயே பாரு."

குனிந்து பார்த்தவள் சொம்பைக் கீழே வைத்தாள். டாக்டரிடம் போகலாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள்.

ஏற்காட்டில் டாக்டர் பஞ்சை நனைத்துச் சிங்கத்தைத் துடைத்தார். உள்ளே வெளிறி, வெளியே சிவந்து, வட்டம் முழுதாகத் தெரிந்தது. இந்த மலையில் காய்ச்சல் என்றால் அவர் தேடுவது பூச்சி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு, என் உடம்பில் அது இல்லை. லேனா சொன்னதை நான் சொன்னதும், ஜெர்மனியில் எந்தக் காடு, எப்போது போனேன் என்று துருவிக் கேட்டார்.

"லைம் நோய நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன். ரத்தத்துல இப்பவே தெரியாமப் போகலாம். ஆனா இந்த வட்டமும், நீங்க போன காடுமே போதும், மாத்திரை ஆரம்பிச்சுடலாம்."

"ஏனுங்க, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றாள் அம்மா.

ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், அநேகமாகச் சரியாகிவிடும் என்றார். அந்த 'அநேகமாக' பஸ்ஸில் வீடு வரை கூடவே வந்தது.

சாப்பிட்டு முதல் மாத்திரையை விழுங்கினேன். டாக்டர் சொன்னபடி அம்மா நீலப் பேனாவால் சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டாள். பஞ்சால் துடைத்தும் முழுதாகப் போகாத குயவரின் காவித் தடம், எங்கோ ஒரு காடு கொடுத்த வட்டம், அம்மாவின் நீலக்கோடு, மூன்றும் என் ஒரு காலிலேயே. காலையில் விடிந்ததும் இருவரும் வாசலுக்குப் போய், சிவப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.