ஓரத்தில் வைத்த கல்

எங்கள் ஊர்க் களத்தில் நெருஞ்சி மண்டிப் பல வருஷமாகிறது. அதைக் கொத்திச் சுத்தம் செய்ய யாரும் மெனக்கெடவில்லை. வாசலிலேயே தார்ச்சாலை இருக்கும்போது களம் எதற்கு? பிடுங்கி வந்த உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பினால், கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி ஓசியில் உதிர்த்துக் கொடுத்துவிடும்.

சில கெட்டிக்காரர்கள் செடிமேல் ஏறாமல், ஓரத்தில் விட்ட வெறுந்தாரில் ஒதுங்கிப் போவார்கள். அதற்கும் வழி கண்டிருந்தோம். அந்த ஓரத்தில் ஒரு பெரிய கல்லைப் போட்டுவிட்டால் எல்லோரும் செடிமேல்தான் போயாக வேண்டும். அந்த மாசியில் கல்லைப் புரட்டிப் போட்டவன் நான். அதில் எனக்குப் பெருமை வேறு.

காலை பத்து மணி இருக்கும். மலைக்காரன் ஒருவன் பைக்கில் வந்தான். தலையில் ஹெல்மெட். பின்னால் மனைவி, வயிறு நன்றாகத் தெரிந்தது. செடிக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டான்.

"அண்ணா, அந்தக் கல்ல கொஞ்சம் நவுத்துங்க. வூட்டுக்காரிக்கு ஏழு மாசம். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு கீறோம்."

"காலைலேர்ந்து எல்லாரும் இது மேலதான் போய்க்கினு கீறாங்க. உனக்கு மட்டும் இன்னா?"

"வழுக்குங்க."

அவள் இறங்கி நடக்கலாம் என்று ஒரு காலைத் தூக்கினாள். அதற்குள் பின்னால் பஸ் வந்து ஹாரனை அடித்தது. கல்லை நகர்த்த எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது. நான் நகர்த்தவில்லை. மலையிலிருந்து வந்தவன் எனக்கு வேலை சொல்வதா என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை. "இறங்காத, குந்து. பஸ் நிக்கிது பாரு, போ போ" என்று விரட்டினேன்.

இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடியே உருட்டினான். உதிர்ந்த உளுந்து சக்கரத்துக்கு அடியில் உருண்டது. முன்சக்கரம் வழுக்கி விலகியதும் வண்டி ஓரமாகச் சாய்ந்தது. அவள் வயிறு அந்தக் கல்லில் மோதியது.

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "யோவ், உளுந்து." ரத்தம் பட்ட செடியைத்தான் முதலில் ஒதுக்கினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வெட்கப்படவில்லை.

ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது. நானும் பின்னாலேயே போனேன். இரக்கத்தால் அல்ல, கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தால்.

குழந்தை பிழைக்கவில்லை. மத்தியானம் அவளுடைய அம்மா மலையிலிருந்து வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்து, "இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டாள். அவன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"வேகமா வந்துட்டாம்மா. நான் சொல்லச் சொல்லக் கேக்கல" என்றேன்.

அவள் போய் மருமகனைக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். இவன் வாயைத் திறந்தால் தொலைந்தோம் என்று வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தேன்.

"இன்னும் மெதுவா வந்திருக்கணும் அத்தை" என்றான்.

அன்றைக்கு அந்தச் சாலையில் அவனைவிட மெதுவாக வந்தவர்கள் யாருமில்லை.