வாசல் பெஞ்சு

எங்கள் வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். யுத்த காலத்து அருப்புக்கோட்டையில் ஒரு பெண்பிள்ளை ஆறாம் பாரம் வரை படித்ததே ஊருக்கு வேடிக்கை. ஆறாம் பாரம்தான் பள்ளியின் கடைசி வகுப்பு. அதன் முடிவில் விருதுநகர் போய் சர்க்கார் பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பரீட்சையை எழுதிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை. நகை, சேலை, மாப்பிள்ளை எல்லாம் அம்மாவின் ஆசைகள்.

அப்பா நெசவாளி. வீட்டில் எங்கள் பேச்சு தெலுங்கு. தெருவில் இறங்கினால் தமிழ். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உன்னப் பத்தி வெளிய ஒரு சொல்லு வரக் கூடாது. வந்துச்சுன்னா அன்னைக்கோட படிப்பு முடிஞ்சுது." இதை மட்டும் வீட்டுக்குள் நின்று தமிழில் சொன்னார். தெலுங்கில் சொன்னால் அது அப்பா பேசுவது, தமிழில் சொன்னால் ஊர் பேசுவது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பள்ளியிலும் எனக்கென்று தனிச் சட்டம் உண்டு. வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்த பிறகுதான் அவர் பின்னால் நான் நுழைய வேண்டும். அவர் வெளியேறினால் அவரோடேயே வெளியேறிவிட வேண்டும். கதவை ஒட்டிக் கிடந்த ஒற்றைப் பெஞ்சு என்னுடையது. வாசல் பெஞ்சு என்பார்கள். ஒரு வாத்தியார் போய் அடுத்தவர் வரும்வரை நான் பக்கத்துப் படத்து அறையில் காத்திருக்க வேண்டும். சுருட்டி வைத்த தேசப் படங்கள், உடைந்த உலக உருண்டை, வௌவால் நாற்றம், இத்தனைக்கும் நடுவில்தான் என் பள்ளிப் பருவத்தின் பெரும் பகுதி போயிற்று. அந்த அறையில் ஆசியாக் கண்டத்தைக் கரையான் எந்தெந்த இடத்தில் அரித்திருந்தது என்று இன்றைக்கும் சொல்லுவேன். கேள்வி கேட்டால் பதிலைச் சிலேட்டில் எழுதி வாத்தியாரிடம் காட்டுவேன். வாய் திறந்து அந்த வகுப்பில் நான் பேசியதில்லை. பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. பேசலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

கடைசி நாள் காலையில் மதுரையிலிருந்து போட்டோக்காரர் வந்தார். பையன்கள் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் படத்தில் நிற்க அப்பா சம்மதிக்கவில்லை. படம் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்கும், யார் யார் கண் படும் என்றார். ஆகவே அவர்கள் படம் எடுத்துக்கொண்டபோதும் நான் படத்து அறையில்தான் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மற்ற வகுப்புகளும் வாத்தியார்களும் மத்தியானமே போயாயிற்று. எங்களுக்கு மட்டும் கடைசி வகுப்பாகச் சரித்திரம் இருந்தது. சரித்திர வாத்தியார் கரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தார். பெட்ரோல் இல்லாத காலம். கரியைப் பற்றவைத்து ஓட்டும் பஸ் எப்போது கிளம்பும், எங்கே நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. பாதிப் பாடத்தில் புத்தகத்தை மூடி எல்லோருக்கும் ஆசி சொல்லிவிட்டு எழுந்தார். நானும் பின்னால் எழுந்தேன். தாழ்வாரத்தில், "நல்லா எழுதும்மா" என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். நான் தூக்குச் சட்டியையும் குடையையும் எடுக்கப் படத்து அறைக்குள் போனேன்.

அப்போதுதான் பியூன் வந்தார். வாத்தியார் போய்விட்டார் என்றால் பெண்ணும் போய்விட்டாள் என்று அர்த்தம். எத்தனையோ நாளாக அப்படித்தானே நடந்தது. எட்டிக்கூடப் பார்க்காமல் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். சாவி திரும்பும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். ஆனால் அந்தக் கட்டிடத்துக்குள் சத்தம் போட்டுப் பழக்கமில்லாத தொண்டை. அது திறப்பதற்குள் அவர் சைக்கிள் கேட்டைத் தாண்டிவிட்டது.

வகுப்பில் பையன்கள் மட்டும் இருந்தார்கள். அவர்களாகவே ஒரு பிரிவு உபசாரம் ஏற்பாடு செய்திருந்தார்கள். காராச்சேவும் காப்பியும் வந்தன. இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொடாது, ஆள் உயரத்துக்கு மேல் வெறும் இடைவெளிதான். ஆகவே எல்லாம் எனக்குக் கேட்டது. பெஞ்சு பெஞ்சாக எழுந்து பள்ளிக்கூடத்தில் மறக்க முடியாததைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

ஒருவன் தமிழய்யாவின் தலைப்பாகை கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னான். திருச்சுழியிலிருந்து வந்து தங்கிப் படித்தவன், கரிசலில் மழை பெய்த அன்று செருப்பு இரண்டும் மண்ணோடு போக வெறுங்காலோடு கணக்குப் பரீட்சை எழுதியதைச் சொன்னான். பந்தல்குடிப் பையன் பட்டாளத்தில் குமாஸ்தா வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னான். ஒருவன் கொழும்பு என்றான், இன்னொருவன் மதுரைக் காலேஜ் என்றான். ஆளுக்கொரு திசை வைத்திருந்தார்கள். நான் சுருட்டி வைத்த தேசப் படங்களின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பொறாமையாக இருந்தது.

பயமும் இருந்தது. கூப்பிட்டால் நாற்பது ஆண்பிள்ளைகள் வந்து நிற்பார்கள். வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில், பொழுது சாயும் நேரத்தில், பூட்டிய அறைக்குள்ளிருந்து நான் வெளியே வருவேன். அதற்குமேல் சொல் வர என்ன வேண்டும்? கூப்பிடாவிட்டால் அப்பா தேடி வருவார். அது இன்னும் மோசம்.

"எல்லாப் பெஞ்சும் முடிஞ்சிருச்சுலே" என்றான் ஒருவன்.

"வாசப் பெஞ்சு பாக்கி."

சிரித்தார்கள். "அந்தப் புள்ள பேசி நான் கேட்டதே இல்ல. ஊமையோன்னு ரொம்ப நாளு நெனச்சேன்."

"ஏலே, கணக்குல உன்னய முந்துற ஊமைலே அது."

இன்னும் சிரிப்பு. வகுப்பின் சட்டாம்பிள்ளை, எல்லோரையும் விட மூத்தவன், அதட்டினான். "சிரிக்காதீகலே. அவுகளும் நம்ம கிளாசுதான. அவுகளுக்கும் சேத்து யாராச்சும் ரெண்டு வார்த்த சொல்லுங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் என்ன இருக்கும்? எனக்குத் தாங்கவில்லை. எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"கதவு பூட்டியிருக்கு" என்றேன்.

அந்த வகுப்பு என் வாயிலிருந்து கேட்ட முதல் வார்த்தை அதுதான். கடைசி வார்த்தையும் அதுதான்.

அவர்கள் தங்கமான பிள்ளைகள். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். சட்டாம்பிள்ளை கதவுக்கு வெளியே வந்து, தள்ளி நின்று, "பயப்படாதீக தங்கச்சி, பியூனு வீடு பாளையம்பட்டிதான், இப்ப சாவி வந்துரும்" என்றான். ஒருவன் சைக்கிளில் பறந்தான். மற்றவர்கள் தாழ்வாரத்தில் கூடி யோசனை செய்தார்கள். "அவுக வெளிய வாரப்ப நம்ம யாரும் பாக்கக் கூடாது. பாத்தோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது" என்று முடிவாயிற்று. பியூன் மூச்சு வாங்க வந்து கதவைத் திறந்தபோது, கேட் வரைக்கும் இருந்த சுற்றுச்சுவர் நெடுக எங்கள் வகுப்பு முழுவதும் வெள்ளைச் சட்டையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஒருவன் கூடத் தலையைத் திருப்பவில்லை. அந்த முதுகுகளைத் தாண்டி நான் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எனக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது. நெஞ்சு நிறைந்துவிட்டது.

கேட்டுக்கு எதிரே காப்பிக் கடை. நாற்பது பேர் சுவரைப் பார்த்து நிற்பதையும், நடுவில் ஒரு பெண் தனியாக வருவதையும், பின்னால் பியூன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதையும் கடையே எழுந்து நின்று பார்த்தது. "என்னப்பா சங்கதி?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றார்கள் பையன்கள், எல்லோரும் ஒரே குரலில்.

நாற்பது பேர் ஒரே குரலில் ஒன்றுமில்லை என்றால் ஊர் நம்புமா? ஒருவன் உண்மையைச் சொல்லியிருந்தால் பியூனைத் திட்டிவிட்டுக் காப்பியைக் குடித்திருப்பார்கள். இவர்கள் என் பெயரைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வெற்றிடத்தில் ஊர் தனக்குத் தோன்றியதையெல்லாம் போட்டு நிரப்பியது. நான் வீடு சேருமுன்னே கதை எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் தலைமையாசிரியரே வீட்டுக்கு வந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். அப்பா கைகட்டிக் கேட்டார்.

"உங்கள நம்புறேன் சார். எம் மகள உங்களவிட நம்புறேன். ஆனா இவ இப்ப பஸ்ஸேறி விருதுநகருக்குப் போனா, பாரு இன்னும் அடங்கலன்னு சொல்லுவாக. வீட்டுல இருந்தா மறந்துருவாக."

அதையும் தமிழில்தான் சொன்னார். தலைமையாசிரியர் எழுந்தார். பிறகு கும்பிட்டுவிட்டுப் போனார். என்னை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. அம்மா எனக்குப் பிடிக்கும் என்று கருப்பட்டிப் பணியாரம் சுட்டாள். அப்பா என்னை நம்பவில்லை என்று இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நம்புகிறவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

பரீட்சை அன்று காலை அப்பா நூல் வாங்கப் போயிருந்தார். அம்மா தறியில். நான் முன்கட்டில் ராட்டையைப் போட்டுக்கொண்டு தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் கரி பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. பையன்கள் ஏறும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ பேனா கொண்டு வந்தாயா என்று கேட்டான். நன்றாகப் படித்திருந்தேன். சரித்திரத்தில் கூட எதுவும் பாக்கி இல்லை.

பஸ் நெடுநேரம் கிளம்பவில்லை. அவ்வளவு நேரமும் எங்கள் வீட்டு வாசல் கதவு விரியத் திறந்தே கிடந்தது. அதை யாரும் பூட்டியிருக்கவில்லை.