மோட்டார் ரூமில் இரண்டு பேர்

அடையாற்றில், ஆற்றிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. பன்னிரண்டு வீடுகள். வேறு யாரும் முன்வராததால் ஆறு வருடமாக நான்தான் சங்கச் செயலாளர். மழைக்காலத்துக்கு முன்பு வார்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, வெள்ளம் வந்தால் வெளியேற்ற வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எழுதித் தரச் சொன்னார். சங்க நோட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பெயர்களை எழுதினேன். இருபத்து மூன்று பேர். இரண்டு முறை கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று காலை ஏழு மணிக்கே தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆற்றில் தண்ணீர் விடும் ஏரியைத் திறக்கப் போகிறார்களா என்று கேட்க மாநகராட்சி உதவி எண்ணுக்குப் பதினோரு முறை போன் செய்தேன். ஒரே ஒரு முறை யாரோ எடுத்து, விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

வாட்ச்மேன் ஒரு சாவுக்காக ஊருக்குப் போயிருந்தார். கட்டடத்தின் பின்பக்கம் மோட்டார் ரூமில்தான் அவருடைய குடித்தனம். அவர் மனைவி எட்டு மாதக் குழந்தையோடு வந்து, கிளம்பட்டுமா சார் என்று கேட்டாள். தண்ணீர் ஏறினால் மெயின் சுவிட்சை அணைக்க ஆள் வேண்டும், இங்கேயே இரு, கிளம்புவதானால் நானே வந்து சொல்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஒலிபெருக்கி வண்டி தெருமுனைக்கு வந்தபோது மணி ஒன்றேகால். ஏரியைத் திறந்தாகிவிட்டது, உடனே வெளியேறுங்கள் என்றது. அடுத்த அரை மணியில் தண்ணீர் மாடிப்படியில் நான்கு படி ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது படியும் மறைந்தது.

மீனவர் ஒருவரின் படகோடு வார்டு அலுவலக ஆள் வந்தார். பெயர் வாசித்து ஏற்றினார். இரண்டாவது நடையில் நானும் மனைவியும் கடைசியாக ஏறினோம். இருபத்து மூன்று சரி என்று நானே உரக்கச் சொன்னேன்.

படகு தெருமுனை திரும்பும்போது மனைவி என் கையைப் பிடித்தாள். "எண்ணிண்டே இருந்தேளே, அந்தப் பொண்ணையும் கொழந்தையையும் எண்ணினேளா?"

படகைத் திருப்பச் சொன்னேன். அலுவலக ஆள் தாளைக் காட்டினார். "சார், நீங்க குடுத்ததுல இருபத்து மூணுதான் கீது. உங்க கையெழுத்துதான் இது."

"இன்னா பெருசு, ஆள வுட்டுட்டா வருவ?" என்று படகுக்காரர் திட்டினார். திட்டும்போதே படகைத் திருப்பிவிட்டார்.

கேட்டின் இரும்பு முனைகள் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியவில்லை. துடுப்பால் தடவித் தடவிப் பின்பக்கம் போனோம். நான் எண்ண முயன்றேன். எதை எண்ணுவது என்று தெரியவில்லை. குழந்தையின் அழுகை கேட்கிறதா என்று பார்த்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

மோட்டார் மேடைமேல் அவள் நின்றிருந்தாள். நெஞ்சு வரை தண்ணீர். குழந்தை தோளில் கிடந்தது. கத்திப் பார்த்தாளாம், ஒருவருக்கும் கேட்கவில்லை. படகில் இழுத்துப் போட்டதும் குழந்தை வீறிட்டது. அவள் என்னைப் பார்த்து, "மெயின அப்பவே ஆஃப் பண்ணிட்டேன் சார்" என்றாள்.

வெள்ளம் வடிந்த பிறகு குடியிருப்புக்காரர்கள் மனு எழுதினார்கள். எச்சரிக்கை தாமதமாக வந்தது, உதவி எண் வேலை செய்யவில்லை என்று. அத்தனையும் உண்மை. செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒன்றேகாலுக்காவது எச்சரிக்கை வந்தது. அவளுக்கு வரவே இல்லை. அதைச் சேர்க்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கீழே இறங்கிப் போனேன். மோட்டார் ரூமில் சேறு வழித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் என் பேச்சுக்காகக் காத்திருக்காதே, நீயாகவே கிளம்பிவிடு என்றேன்.

துடைப்பத்தை நிறுத்தாமலே கேட்டாள்: "நானாப் போயிட்டா வேலை இருக்குமா சார்?"