எங்கள் லிபரோ மகேசு

மகேசு செத்துவிட்டாள்.

நேற்றுக் காலை சிதம்பரத்தில், கணவன் வீட்டு மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாளாம். அப்படித்தான் முதலில் போன் வந்தது. தவறி விழுந்துவிட்டாளாம்...

நான் இங்கே ஃபேஸ்புக்கில் அதிகம் எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போகிறவள். ஆனால் நேற்றிலிருந்து ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இது.

வெளிநாட்டில் நடந்த சர்வதேச மகளிர் வாலிபால் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு ஆடிய நெல்லிக்குப்பத்துப் பெண் என்று பேப்பரில் போட்டோ வந்ததே, அவள்தான். மகேஸ்வரி. அப்பா கரும்பு லோடு ஓட்டியவர். அண்ணாமலை நகரில் நாங்கள் ஒன்றாகப் படித்தோம், ஒரே டீமில் ஆடினோம்.

அவள் லிபரோ. டீமில் தனி நிற ஜெர்சி போட்டிருக்கும் ஆள். லிபரோ ஸ்மாஷ் அடிக்கக் கூடாது, பிளாக் போகக் கூடாது. எதிரணி அடிப்பதைப் பின்னால் நின்று வாங்க வேண்டும். அதுதான் வேலை.

அந்த சாம்பியன்ஷிப்பில் ஒரு மேட்சை, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது போனில் பார்த்தேன். எதிரணியில் ஒரு நெட்டைப் பெண். அவள் அடித்த ஸ்மாஷ் நேராக மகேசுவின் முகத்தில் வந்து மோதியது. அந்தச் சத்தம் போனிலேயே கேட்டது.

மூக்கிலிருந்து ரத்தம். ஜெர்சியெல்லாம் ரத்தம். வெளியே கூட்டிப் போனார்கள். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வேறு ஜெர்சி மாற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். அதே பெண் மறுபடியும் குறிவைத்து அடித்தாள். இந்த முறை நெஞ்சில் வாங்கினாள். பந்து மேலே போனது.

மேட்ச் முடிந்ததும் "மூக்கு உடைஞ்சுதாடி?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"ஒடஞ்சா இன்னாடி... பந்து மேல போச்சு இல்ல?" என்று பதில் வந்தது. சிரிப்பும் கூடவே.

காலேஜில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிராக்டிஸ் முடிந்ததும் கிரவுண்ட் ஓரத்தில் வட்டமாக உட்கார்ந்து கைகளை நீட்டுவோம். பந்து வாங்கி வாங்கி யார் கை அதிகம் கன்றிப்போயிருக்கிறதோ அவள் ஜெயித்தவள். மற்றவர்கள் அவளுக்கு ஜூஸ் வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் மகேசுதான் குடிப்பாள்.

அவள் கல்யாணத்துக்குப் பிறகும், எங்காவது டோர்னமென்ட்டில் சந்தித்தால் இந்தப் போட்டி நடக்கும்.

கடைசியாகக் கடலூரில் நடந்தது. மகேசு முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கருநீலம்.

ஸ்மாஷுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கும் எங்கள் செட்டர் ஷபானா அலறினாள். "யம்மாடி... யாரு சர்வீஸ்டி இது? ஆம்பளைங்க கூடவா ஆடுற?"

"ஆமாண்டி. பின்ன?"

எல்லோரும் கைதட்டினோம். ஜூஸ் வந்தது. குடித்தாள்.

அடுத்த சாம்பியன்ஷிப்புக்கான கேம்ப்புக்கு இந்த வாரம் கிளம்ப வேண்டியவள். கணவன் போகக் கூடாது என்றிருக்கிறான். முந்தாநாள் சாயந்திரம் ஷபானாவுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். "டிக்கெட் போட்டுட்டேன்டி. அவுரு இன்னா பண்ணிடுவாரு? அடிப்பாரு. எனக்கு வாங்கத் தெரியாதா?"

அவன் அடிப்பான் என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் முறை. அடுத்த நாள் காலையில் அவள் இல்லை.

நேற்று நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உடலை வாங்கி வெயில் தாழ்வதற்குள் எரித்துவிட வேண்டும் என்று அவன் வீட்டார் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எரித்துவிட்டால் மாடிப்படிக் கதைதான் மிஞ்சும். மகேசுவின் அம்மா தரையில் உட்கார்ந்து, "எம் பொண்ண ஒரு தடவ நல்லா பாக்க வுடுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு நானும் ஷபானாவும் உள்ளே போனோம்.

பின்மண்டை பிளந்திருந்தது. ஒரு விரல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு கைகளிலும் அதே கருநீலம்.

வெளியே வந்தபோது பெண் இன்ஸ்பெக்டர் விசாரித்துக்கொண்டிருந்தார். கணவனின் அண்ணன்தான் பேசினார். "மேடம், இது வாலிபால் ஆடுற பொண்ணு. கை எப்பவும் இப்பிடித்தான் இருக்கும். தோ, அவுங்க டீமு பொண்ணுங்களே நிக்கிறாங்க... கேளுங்க."

இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

ஷபானா புர்கா கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினாள், பந்து வாங்குவதுபோல.

"பந்து இங்கதான் மேடம் வுழும். உள்பக்கம். எங்க எல்லாருக்கும் இங்கதான் கன்னிப்போயிருக்கும்."

பிறகு அதே கைகளை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"மகேசுக்கு வெளிப்பக்கம் மேடம். இப்பிடி கைய வெச்சிகிட்டு எந்தப் பந்தயும் எடுக்க முடியாது."

கைகளுக்குப் பின்னால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் உள்ளே போய் மகேசுவைப் பார்த்துவிட்டு வந்தார். அண்ணனிடம் ஒரே கேள்வி. "தம்பி எங்க?"

"வீட்டுல மேடம்... காரிய வேலையா..."

"வரச் சொல்லுங்க."

அவன் வரவில்லை. போலீஸ்தான் போய்க் கூட்டி வந்தது. அடித்து, படியில் தள்ளியதாக ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று இன்று காலை சொன்னார்கள். இனி கோர்ட்டு, கேஸு... தெரியவில்லை.

போஸ்ட்மார்ட்டம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இன்னமும் சண்டை. கட்டிக்கொடுத்த பெண்ணைப் புருஷன் வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டுமாம். அவன் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சட்டம் பேசுகிறார். நேற்று மகளைப் பார்த்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்த மகேசுவின் அம்மா இப்போதுதான் எழுந்து நின்றார்.

"அந்த வூட்டுப் படிய எம் பொண்ணு இனிமே மிதிக்க மாட்டா. வண்டிய நெல்லிக்குப்பத்துக்கு வுடுங்கப்பா."

ஆம்புலன்ஸ் டிரைவர் சாவியைத் திருப்பிவிட்டார். டீமில் வந்தவர்கள் எல்லோரும் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

வா மகேசு. வீட்டுக்குப் போகலாம்.