சரிண்ணே வீட்டுக் கணப்பு

குளிருக்கு அறையைச் சூடாக்கும் விறகு ஹீட்டர் செய்கிற தொழிற்சாலையில், அதற்குக் கதவு பொருத்துகிறவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'சரிண்ணே' வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். ஒருமுறை முடி வெட்டுகிறவர் பேச்சுவாக்கில், "மீசையையும் எடுத்துடலாமா?" என்று கேட்க, இவர் வழக்கம்போல் "சரிண்ணே" என்றுவிட்டார். மழுங்கச் சிரைத்த உதட்டோடு வந்து நின்றவரைப் பார்த்து மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கதவு பொருத்துவதை லேசாக நினைத்துவிடாதீர்கள். விளிம்பைச் சுற்றி நெருப்பு தாங்கும் கயிறு பதித்து, இடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்துவார். பிறகு காகிதத்தைப் பிடித்து இழுப்பார். உருவிக்கொண்டு வந்தால் கயிற்றைப் பிய்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். கதவு இறுகினால்தான் விறகு நிதானமாக எரியும், சூடு அறையில் தங்கும். இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெரிந்து என்ன பிரயோஜனம்?

மனைவிக்கு மூட்டுவாதம். குளிர் வந்தால் விரல்கள் வீங்கிப் போகும். பொத்தானைக்கூட அவர்தான் போட்டுவிட வேண்டும். வாடகை வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள். சொந்த வீடு கட்டுகிற பேச்சு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு வேற எதுவும் வேண்டாங்க. ஊருக்கெல்லாம் செய்யுறீங்களே, அதுல ஒண்ணு நம்ம வீட்லயும் இருக்கட்டும்."

"அதுக்கென்ன, வெச்சிட்டாப் போச்சு!" என்றார்.

அஸ்திவாரம் தோண்டும்போது கொத்தனார் கேட்டார்: "சுவத்தோட சேந்த திறந்த கணப்புன்னா அகலமா அடித்தளம் போடணும். ஹீட்டர்னா புகைக்குழாய்க்கு ஒரு ஓட்டை விட்டாப் போதும். இன்னைக்கே சொல்லிடுங்க, அப்புறம் மாத்துறது பெரிய பாடு."

அன்றைக்கென்று பார்த்து வெளியூரிலிருந்து அண்ணன் வந்திருந்தார். அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அதை அவரும் மறக்கவில்லை, தம்பியை மறக்க விடவும் இல்லை.

"நடு ஹால்ல இரும்புப் பொட்டியா? நல்லா இருக்குடா! பேக்டரியில நாள் பூரா அதைப் பாக்குறது பத்தலையா? நாலு பேர் வந்து உட்கார்ந்தா நெருப்பு கண்ணுக்குத் தெரியணும். கணப்புதான் வீட்டுக்கே களை. என்ன சொல்றே?"

டீ டம்ளர்களோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். கணப்பில் முக்கால்வாசிச் சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தார்.

"சரிண்ணே," என்றார்.

பாவி மனுஷன்! இவர் என்ன கைக்குழந்தையா? அண்ணன் ராத்தங்கிவிட்டுப் போகிறவர், அந்த வீட்டில் கிடக்கப் போகிறவள் அவளல்லவா? நமக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஆனால் அவள் கோபப்படவில்லை. டம்ளர்களைக் கொடுத்துவிட்டுப் போய் மணல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கணப்பு அழகாகத்தான் அமைந்தது. முன்னால் உட்கார்ந்தால் முழங்கால் பொசுங்கியது, முதுகு விறைத்தது. "ஒரு பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடுங்க," என்று முதல் குளிரில் கேலி செய்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். குளிர்காலத்துக்கு அக்கா வீட்டுக்குப் போய், வெயில் வந்ததும் திரும்பினாள். வருஷத்துக்கு வருஷம் சீக்கிரம் போனாள், தாமதமாக வந்தாள்.

கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. தன் கையால் கதவு பொருத்திய ஹீட்டர் ஒன்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். கணப்பின் வாயிலேயே வைத்து, குழாயைப் புகைபோக்கிக்குள் விட்டால் வேலை முடிந்தது. அவளுக்கு நம்பவே முடியவில்லை. ஊருக்குக் கட்டி வைத்திருந்த பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அத்தோடு சும்மா இருந்திருக்கக் கூடாதா? அண்ணன் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடலாமே என்று போனை எடுத்தார்.

"நான் வந்து பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் கை வைக்காதே," என்றார் அண்ணன்.

"சரிண்ணே."

அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அலமாரியில் அடுக்கியதையெல்லாம் திரும்பப் பையில் போட்டாள்.

அண்ணன் வரவே இல்லை. குளிர் போனது, வெயில் வந்தது, அவளும் வரவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் ஹீட்டரின் கால்கள் துருப்பிடித்தன. ஒரு சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்துட்டேங்க. இனிமே இங்கயே இருந்துக்கறேன்."

"அடுத்த குளிர் முடியுற வரைக்குமா?"

"இல்லைங்க. இனிமேன்னா இனிமேதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "ரூம்ல ஹீட்டர் இருக்கு. உங்க கம்பெனிதுதான். காகிதம் வெச்சு இழுத்துப் பாத்தேன், வரலை. நீங்க போட்ட கதவாத்தான் இருக்கும்."

அவர் கண் நிறைந்துவிட்டது. அவள் போனை வைக்கவில்லை, மூச்சுவிடுவது கேட்டது. 'வேண்டாம், வந்துடு. நாளைக்கே அதை உள்ளே மாட்டிடறேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவள் காத்திருக்கிறாள் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. முற்றத்துத் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப போனை வெச்சிடட்டுமா?" என்று கேட்டாள்.

"சரி," என்றார்.